சிதறுதேங்காயும் கிராஃபிக்ஸ் கார்டும்

தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். கல்யாண வீடியோ எடுப்பவன். கேமராவில் நல்ல கை. "அக்கா, புது கார்டு போட்டுட்டேன். ஆயிரத்து எட்டுநூறு வெள்ளி. அப்பவும் டைம்லைன் நகரவே மாட்டேங்குது. கடைக்காரர் என்னை ஏமாத்திட்டாரா?" என்று கேட்டான். குரல் உடைந்திருந்தது. அன்று சாயங்காலமே பினாங்குத் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டிப் போனேன்.

அவன் எடிட் செய்துகொண்டிருந்தது ரத ஊர்வலம். விடியற்காலையில் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும் நேரம். சாலையோரம் மலைபோலத் தேங்காய்க் குவியல். ரதம் நெருங்கியதும் ஒருவர் தலைக்கு மேல் தேங்காயை ஓங்குகிறார். அந்த இடத்தில் படம் நின்றுவிடும். இரண்டு மூச்சு கழித்து மறுபடி ஓடும்போது சாலை முழுக்கச் சில்லும் தண்ணீருமாகக் கிடக்கும். உடைகிற நொடி மட்டும் கண்ணில் படவே இல்லை. எடிட் செய்கிறவனுக்கு வேண்டியது அந்த நொடிதான். எந்த ஃபிரேமில் வெட்டுவது என்று தெரிந்தால்தானே மேளச்சத்தத்தோடு அதைச் சேர்க்க முடியும்?

டாஸ்க் மேனேஜரைத் திறந்து கார்டின் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அங்கே சின்னச் சின்னதாக நான்கு வரைபடங்கள் இருக்கும். அதில் ஒன்று 'வீடியோ டிகோட்'. படம் ஓடும்போது அந்தக் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பிராசஸரோ 100 சதவீதத்தில் தவித்துக்கொண்டிருந்தது, விசிறிச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. கார்டும் நல்ல கார்டுதான். இவன் கேமரா எழுதுகிற எழுத்தை வாசிக்க அந்தக் கார்டுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதை அவனுக்குப் புரிய வைக்க ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. அன்று பேசியதையும் பேச விட்டுப்போனதையும் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்துப் பிழைக்கும் பிள்ளைகள் நிறைய பேர். சேமித்த காசையெல்லாம் ஒரே கார்டில் போட்டுவிட்டு ஏமாந்து உட்கார்ந்திருக்கும் முகங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வீடியோ எடிட்டிங்கில் கிராஃபிக்ஸ் கார்டு மூன்று வேறு வேறு வேலைகளைச் செய்கிறது. கேமரா சுருக்கி எழுதிய கோப்பை விரித்து வாசிப்பது ஒன்று. வாசித்த படத்தின் மேல் நிறம், மங்கல், அளவு மாற்றம் என்று கணக்குப் போடுவது இன்னொன்று. கடைசியில் மறுபடி சுருக்கி எழுதுவது மூன்றாவது. வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் கார்டின் சில்லுக்குள் (சிப்) தனித்தனிப் பகுதிகள் உண்டு. கார்டுச் சில்லு செய்யும் என்விடியா கம்பெனியில் எழுதும் பகுதிக்கு என்வென்க் என்று பெயர், 2012இல் வந்தது. இன்டெல்லின் குயிக் சிங்க் அதற்கு ஒரு வருடம் முந்தியது. அந்தப் பகுதிகளுக்கு எந்த வடிவங்கள் தெரியும் என்பது சில்லைச் செய்யும்போதே முடிவாகிவிடும். அப்புறம் எந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டாலும் புது எழுத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது. கணக்குப் போடும் ஆயிரக்கணக்கான குட்டிப் பகுதிகள், அதாவது கோர்கள், வேறு இனம். அவற்றுக்கு என்ன வேலை வேண்டுமானாலும் கொடுக்கலாம், அவற்றுக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும். கார்டு வாங்குகிறவர்கள் கோர் எண்ணிக்கையையும் ஜிபியையும் பார்க்கிறார்கள். வாசிக்கிற பகுதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

தம்பியின் கேமரா 10 பிட், 4:2:2, எச்.265 என்று எழுதுகிறது. எச்.265 என்பது படத்தைச் சுருக்கும் முறையின் பெயர். நம் கண் வெளிச்சத்தை நுணுக்கமாகப் பார்க்கும், நிறத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் கேமராக்கள் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதிவிட்டு நிறத்தைக் குறைத்து எழுதுகின்றன. 4:2:0 என்றால் நான்கு புள்ளிக்கு ஒரு நிறம். 4:2:2 என்றால் இரண்டு புள்ளிக்கு ஒன்று. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1,024. விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் மஞ்சள் வேட்டிகளும் காவடிப் பூக்களும் நிறம் திரியாமல் வர வேண்டுமானால் இந்தக் கூடுதல் படிகள் வேண்டும். அந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்ததில் அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சிக்கல் வாசிக்கும் பக்கத்தில். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20, 30, 40 வரிசைகளுக்கு எச்.265இன் 4:2:0 தெரியும். நிறத்தைக் குறைக்காமல் எழுதும், அதைவிடக் கனமான 4:4:4கூடத் தெரியும். நடுவில் இருக்கும் 4:2:2 மட்டும் தெரியாது. 2025இல் வந்த 50 வரிசையில்தான் அதைச் சேர்த்தார்கள். இன்டெல்லில் 11ஆம் தலைமுறை முதல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ் பகுதி எச்.265 4:2:2வைச் சுலபமாக வாசித்துவிடும். ஆப்பிளின் எம்1 முதல் வந்த சில்லுகளும் அப்படித்தான். தம்பியின் பெட்டியிலும் இன்டெல் 12ஆம் தலைமுறைதான் இருந்தது. ஆனால் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற ஓர் எழுத்து. அந்த எழுத்து வந்தால் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். தனிக் கார்டு வாங்கத்தானே போகிறோம், அது எதற்கு என்று விலை குறைந்ததை வாங்கியிருக்கிறான். கேம் விளையாடுகிறவனுக்கு அது சரியான முடிவு. எடிட்டருக்கு அந்த ஓர் எழுத்துதான் எல்லாம்.

வாசிப்பது இப்படி என்றால் கணக்குப் போடும் வேலைக்கு மொழிச் சண்டையே உண்டு. எனக்கு இதில் பதினைந்து வருடப் பழக்கம். கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

ஃபுல் எச்டி படம் ஒன்றில் 2,073,600 புள்ளிகள். 4கே படத்தில் 8,294,400. நொடிக்கு 25 படம் என்றால் 207 மில்லியன் புள்ளிகளுக்கு நிறக்கணக்குப் போட்டாக வேண்டும். எல்லாப் புள்ளிக்கும் ஒரே கணக்கு, ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்கத் தேவையில்லை. ஆயிரம் பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் பூக் கட்டுவதுபோல. கிராஃபிக்ஸ் சில்லு பிறந்ததே இப்படிப்பட்ட வேலைக்குத்தான். ஆனால் 2000களின் தொடக்கத்தில் அதனிடம் கணக்குக் கேட்க வேண்டுமானால், கணக்கை முக்கோணமாகவும் மேற்பூச்சாகவும் வேடம் போட்டு அனுப்ப வேண்டும். படம் வரைவதாக அது நினைத்துக்கொள்ளும். ஸ்டான்ஃபோர்டில் இயன் பக் என்ற மாணவர் புரூக் என்ற மொழியைச் செய்து இந்த வேடத்தைக் கலைக்கப் பார்த்தார். அப்புறம் அவர் என்விடியாவில் சேர்ந்தார். 2006 நவம்பரில் ஜிஃபோர்ஸ் 8800 கார்டோடு கூடா என்ற கணக்கு மொழி அறிவிக்கப்பட்டது. 2007இல் முதல் பதிப்பு வந்தது. கணக்கைக் கணக்காகவே சொல்லலாம், ஆனால் என்விடியா கார்டிடம் மட்டும்தான் சொல்லலாம்.

2010இல் நான் ஜார்ஜ் டவுனில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்த வருடம்தான் பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளின் சிஎஸ்5 பதிப்பு வந்தது, கூடா வழியாகக் கார்டைப் பயன்படுத்தும் மெர்க்குரி எஞ்சினோடு. அதற்கு முன் தாலி கட்டும் காட்சிக்கு நிறம் மாற்றினால் டைம்லைன் மேல் சிவப்புக் கோடு விழும். ரெண்டர் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போக வேண்டியதுதான். புது எஞ்சின் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கார்டுகளையே ஏற்றுக்கொண்டது. எங்களிடம் இருந்தது ஜிடிஎக்ஸ் 460, 1 ஜிபி. பட்டியலில் அது இல்லை. அந்தப் பட்டியலோ மென்பொருளின் கோப்புறைக்குள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருந்தது. நோட்பேடில் திறந்து எங்கள் கார்டின் பெயரை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் கடைசி வரியில் சேர்த்துச் சேமித்தேன். மென்பொருளை மறுபடி திறந்தபோது சிவப்புக் கோடெல்லாம் மஞ்சளாகியிருந்தது. நிறம் மாற்றிய தாலிக் காட்சி நிற்காமல் ஓடியது. ஸ்டுடியோ முதலாளி எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். 2013இல் வந்த பிரீமியர் புரோ சிசியில் அந்தப் பட்டியல் வேலியை எடுத்துவிட்டார்கள். 1 ஜிபி நினைவகமும் சரியான டிரைவரும் இருந்தால் பயனரே முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆனது.

அன்று நான் கற்றது இன்றும் உதவுகிறது. ஒரு கார்டுக்குத் திறமை இருப்பது வேறு, மென்பொருள் அந்தத் திறமையைக் கூப்பிட்டு வேலை கொடுப்பது வேறு.

ஒரே கம்பெனியின் மொழியை நம்பி உலகமே நிற்கக்கூடாது என்று அப்போதே சிலர் யோசித்தார்கள். ஓப்பன்சிஎல் என்ற பொது மொழியை முதலில் முன்வைத்தது ஆப்பிள். குரோனோஸ் என்ற கூட்டமைப்பு அதைப் பொதுத் தரமாக்கி 2008 டிசம்பரில் 1.0 பதிப்பை வெளியிட்டது. ஏஎம்டி, என்விடியா, இன்டெல் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஒருமுறை எழுதினால் எல்லாக் கார்டிலும் ஓடும் என்பது வாக்கு. பிரீமியர் புரோ சிஎஸ்6 2012இல் சில மேக்புக் புரோக்களின் ஏஎம்டி சில்லுகளுக்கு ஓப்பன்சிஎல் கொடுத்தது, அடுத்த வருடம் விண்டோஸுக்கும் வந்தது. நான் மனசார மகிழ்ந்தேன். யாருடைய கார்டு விலை குறைவோ அதை வாங்கலாம் என்ற சுதந்திரம் எங்களைப்போன்ற சின்ன ஸ்டுடியோக்களுக்குச் சின்ன விஷயமில்லை.

ஆனால் பொதுச்சொத்துக்கு வழக்கமாக நேர்வது இதற்கும் நேர்ந்தது. 2013இல் 2.0 பதிப்பு வந்தபின்னும் என்விடியா பல வருடம் 1.2 பதிப்பைத் தாண்டவில்லை. ஆப்பிள் 2014இல் தனக்கென்று மெட்டல் என்ற மொழியைச் செய்தது, அடுத்த வருடம் மேக்குக்கும் கொண்டுவந்தது. 2018இல் மேக் இயங்குதளத்தின் மொஹாவி பதிப்போடு ஓப்பன்சிஎல்லைக் கைவிடப்போவதாக அறிவித்தது. பெற்ற வீடே கதவைச் சாத்தியது. 2020இல் வந்த ஓப்பன்சிஎல் 3.0, 1.2இல் இருந்ததை மட்டும் கட்டாயமாக்கி 2.0 வரிசையில் சேர்த்ததையெல்லாம் விருப்பத்துக்கு விட்டது. எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டுமென்றால் வண்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. கூடாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே வீட்டில் சில்லு, டிரைவர், நூலகம், பாடம் எல்லாம் வளர்ந்தன. மென்பொருள் எழுதுகிறவர்கள் அங்கேயே குடியேறினார்கள்.

எனக்குப் பொதுத் தரத்தின் மேல் இருக்கும் பற்று இன்னும் போகவில்லை. ஒரு கம்பெனி நினைத்தால் என் கார்டை ஒரு நாளில் பழசாக்கிவிட முடியும் என்பது எனக்குப் பிடிக்காத விஷயம். 2025இல் வந்த கூடா 13, ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கான ஆதரவை எடுத்துவிட்டது. பழைய மென்பொருளில் அந்தக் கார்டுகள் ஓடும். ஆனால் இனி கூடா 13ஐ வைத்துக் கட்டப்படும் மென்பொருள்கள் அவற்றைத் திரும்பிப் பார்க்காது. 6 ஜிபி இருக்கிறதே என்று பழைய ஜிடிஎக்ஸ் 1060ஐக் கைமாற்றாக வாங்க நினைக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கும் ஒரு அடி விழுந்தது. நாலைந்து வருடத்துக்கு முன் சொந்தமாக ஒரு பெட்டி கட்டினேன். அதே விலைக்கு 12 ஜிபி நினைவகம் கிடைக்கிறதே என்று ஏஎம்டி கார்டு ஒன்றை வாங்கினேன். மென்பொருள் அதை ஓப்பன்சிஎல் வழியாக அழகாக ஏற்றுக்கொண்டது. ஆனால் இருட்டு மண்டபத்தில் எடுத்த வரவேற்புக் காட்சிகளின் புள்ளிப்புள்ளி இரைச்சலை நீக்க நான் காசு கொடுத்து வாங்கியிருந்த ஒரு பிளகின் (மென்பொருளில் செருகும் துணை நிரல்) கூடாவில் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. கார்டு சும்மா இருக்க, முழுப் பாரமும் பிராசஸரில் இறங்கியது. நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டிய ரெண்டர் விடிய விடிய ஓடியது. மறுநாள் பெண்வீட்டார் படத்தைக் கேட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எடிட்டிங் மென்பொருளின் பெயரை மட்டும் வைத்துக் கார்டு வாங்கக்கூடாது. அதில் செருகியிருக்கும் ஒவ்வொரு பிளகினையும் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

நினைவகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 'கார்டு நினைவகம் நிறைந்துவிட்டது' என்ற செய்தி பழக்கமான ஒன்று. கோப்பு சின்னதாகத்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். நிறக்கணக்குக்காக விரித்து வைக்கும்போது ஒரு புள்ளிக்கு நான்கு எண்கள், எண்ணுக்கு 4 பைட். ஒரே ஒரு 4கே படம் 133 எம்பி எடுத்துக்கொள்ளும். இரைச்சல் நீக்கும் வசதி முன்னும் பின்னும் இரண்டிரண்டு படங்களைப் பார்த்தால் ஐந்து படங்கள், 660 எம்பிக்கு மேல். அதன்மேல் ஒவ்வொரு எஃபெக்டும் தன் பங்குக்கு ஒரு நகல் கேட்கும். 8 ஜிபி கரைவது இப்படித்தான். ரிசால்வின் விருப்பத்தேர்வுகளில் நினைவகப் பகுதிக்குப் போனால் கூடா, ஓப்பன்சிஎல் என்று மொழியை நாமே தேர்ந்தெடுக்கலாம், மேக்கில் மெட்டல். என்விடியா கார்டு வைத்துக்கொண்டு தெரியாமல் ஓப்பன்சிஎல்லில் ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தானியங்கித் தேர்வை நம்பாமல் ஒருமுறை கண்ணால் பாருங்கள். டிரைவரைக் கல்யாண சீசன் நடுவில் புதுப்பிக்காதீர்கள். வேலை எதுவும் கையில் இல்லாத வாரம் பார்த்துச் செய்யுங்கள்.

கார்டு என்றால் எங்கள் வீட்டில் இன்னொருவருக்கும் பேச்சு உண்டு. அம்மா 1980களில் பாயான் லெபாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சில்லு ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சில்லிலிருந்து கால்களுக்குச் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நான் புதுக் கார்டைக் கையில் கொடுத்தால் மின்னும் விசிறிகளை அவர் பார்க்கவே மாட்டார். திருப்பிப் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒட்டுகளை வரிசையாகப் பார்ப்பார். இன்டெல்லும் ஏஎம்டியும் 1972இல், ஒரே வருடத்தில், இந்தத் தீவுக்கு வந்து ஃபேக்டரி போட்டார்கள். பழைய இன்டெல் பிராசஸர்களின் முதுகில் 'மலாய்' என்று பொறித்திருக்கும், அது எங்கள் ஊர்ப் பெண்கள் கண் வைத்துப் பார்த்தது. எதிரெதிர்க் கம்பெனிகளுக்கு வேலை செய்தவர்கள் ஒரே ஃபேக்டரி பஸ் நிறுத்தத்தில் நின்று சோற்று டப்பாவைப் பகிர்ந்துகொண்டதாக அம்மா சொல்வார். சில்லுகள் ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் பிறந்தும், அவற்றின் மேல் ஓடும் மொழிகளுக்கு நடுவில் இவ்வளவு உயரச் சுவர் எழுந்துவிட்டதே என்று நினைக்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

சரி, தம்பியிடம் வருகிறேன். அன்று ராத்திரி கைவைத்தியமாக ஒன்று செய்தோம். எல்லாக் காட்சிகளுக்கும் சின்ன அளவில் பிராக்ஸி நகல்களைச் செய்யும் வேலையைத் தொடங்கிவிட்டுத் தூங்கச் சொன்னேன். பிராக்ஸியில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அசலுக்கு மாறி ஏற்றுமதி செய்வது. அந்த வேலை அப்படியே முடிந்தது. அடுத்து, கார்டை விற்க வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன். நிறத்துக்கும் எஃபெக்டுக்கும் அது தேவை. மாற்ற வேண்டியது பிராசஸரைத்தான். அதே சாக்கெட்டில் உட்காரும், அதே தலைமுறையைச் சேர்ந்த, 'எஃப்' இல்லாத ஒன்று. பழையதை விற்று மேலே கொஞ்சம் காசு போட்டால் போதும்.

இரண்டு வாரம் கழித்து மாற்றினான். முதல் நாள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று மறுபடி போன். தனிக் கார்டு செருகியிருந்தால் சில மதர்போர்டுகள் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். பெட்டி எழும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய் அதை இயக்கச் சொன்னேன். அப்புறம் எடிட்டிங் மென்பொருளின் அமைப்பில் இன்டெல் டிகோடிங்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். போனை வைக்காமலே செய்தான். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பெட்டி அணைந்து மறுபடி எழும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் உறுமியும் நாதஸ்வரமும் தடையில்லாமல் ஓடுவது எனக்குக் கேட்டது.

"அக்கா," என்றான், "தேங்காத் தண்ணி லென்ஸ்ல பட்டிருக்கு கா. இப்பதான் பாக்குறேன்."